தளர்வான ஸ்வெட்டருக்கு எத்தனை கண்ணி, எவ்வளவு நூல்?

மஃப்ளரும் குல்லாயும் பின்னிப் பழகிவிட்டீர்கள். மார்பளவு 96 செ.மீ. இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாக விழும் எளிய ஸ்வெட்டர் ஒன்றுக்கு எத்தனை கண்ணி (ஊசியில் போடும் நூல் வளையம்) போட வேண்டும், எவ்வளவு நூல் வாங்க வேண்டும், அளவு பார்க்கச் சிறிதாக ஒரு மாதிரித் துண்டு பின்னாமல் நேராகத் தொடங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மூன்றானாலும் உள்ளே இருக்கும் கவலை ஒன்றுதான்: இத்தனை நாள் உட்கார்ந்து பின்னி முடித்த பிறகு அது உடம்புக்குப் பொருந்துமா? மஃப்ளர் இரண்டு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. ஸ்வெட்டரில் தெரியும். அதனால் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். மாதிரித் துண்டு பின்னியே ஆக வேண்டும். மற்ற இரண்டு கேள்விக்கும் விடை அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

முதலில் முடிந்த உடுப்பின் அளவைத் தீர்மானியுங்கள். உடம்பளவு வேறு, உடுப்பளவு வேறு. தளர்வு என்றால் மார்பளவோடு 10 முதல் 20 செ.மீ. வரை கூட்டிக்கொள்வது வழக்கம். 10 செ.மீ. கூட்டினால் உடம்பை ஒட்டாமல் இருக்கும். 20 கூட்டினால் நன்றாகத் தொளதொளக்கும். எது உங்களுக்குப் பிடிக்கும் என்று டேப்பைப் பார்த்து முடிவு செய்வதைவிட, உங்களிடம் இருக்கும் உடுப்புகளில் போட்டால் மிகவும் சுகமாக இருக்கும் தளர்ந்த ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, அக்குளுக்குக் கீழே ஓரத்திலிருந்து ஓரம் வரை குறுக்காக அளந்து, இரண்டால் பெருக்குங்கள். அதுதான் நம்பத்தக்க அளவு. கூடவே அதன் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே கணக்குக் காட்டுவதற்காக 15 செ.மீ. கூட்டி 111 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். முன்புறம், பின்புறம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 55.5 செ.மீ. அகலம்.

அடுத்து மாதிரித் துண்டு. நடுத்தரப் பருமனான நூல், அதாவது 100 கிராமில் 200 மீட்டர் அளவுக்கு வருவது, முதல் ஸ்வெட்டருக்கு ஏற்றது. மெல்லிய நூல் என்றால் வேலை நீண்டுகொண்டே போகும். மிகத் தடித்த நூலில் ஒரு கண்ணி பிசகினாலும் பளிச்சென்று தெரியும், உடுப்பும் கனக்கும். 5 மி.மீ. ஊசியில் 30 கண்ணி போட்டு, ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று 40 வரிசை பின்னுங்கள். முடித்ததும் ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே இதையும் துவைத்து, பிழிந்து முறுக்காமல் துண்டில் ஒற்றி, தட்டையாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு நடுவில் 10 செ.மீ. அகலத்துக்குள் எத்தனை கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்குள் எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். ஓரத்துக் கண்ணிகள் எப்போதும் கோணல். அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அரைக் கண்ணி வந்தால் அதை விட்டுவிடவும் வேண்டாம். 10 செ.மீ.-க்கு அரைக் கண்ணி என்பது முழுச் சுற்றளவில் 3 செ.மீ. ஆகிவிடும். ஊசியை மரத்திலிருந்து உலோகத்துக்கு மாற்றினால்கூடக் கையின் இறுக்கம் மாறக்கூடும் என்பதால், மாதிரி பின்னிய அதே ஊசியிலேயே உடுப்பையும் பின்னுங்கள்.

10 செ.மீ.-க்கு 18 கண்ணி, 24 வரிசை வந்ததாகக் கொள்வோம். 55.5-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 100 கண்ணி. இரண்டு ஓரத்திலும் தையலுக்குள் போய்விடும் கண்ணிகள் 2. ஆக 102. இப்போது இதே 102 கண்ணியை, 10 செ.மீ.-க்கு 20 கண்ணி வரும் இறுக்கமான கை பின்னினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு பக்கம் 50 செ.மீ.தான் வரும், சுற்றளவு 100 செ.மீ. 15 செ.மீ. தளர்வு 4 செ.மீ.-ஆகச் சுருங்கிவிட்டது. துண்டில் பார்த்தால் இரண்டே கண்ணி வித்தியாசம், உடம்பில் அது வேறொரு உடுப்பு. உங்களுக்கு 20 வந்தால் இரண்டு வழி உண்டு. துண்டைக் கையில் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக நின்றால் 5.5 மி.மீ. ஊசிக்குப் போய் இன்னொரு துண்டு பின்னுங்கள். துணி மெத்தென்று மடிந்து விழுந்தால் ஊசியை மாற்ற வேண்டாம், கண்ணியைக் கூட்டுங்கள்: 114 போட்டால் கிட்டத்தட்ட அதே அகலம் கிடைக்கும். தளர்வான உடுப்புக்குத் துணி மடிந்து விழுவதுதான் உயிர். எழுதி வைத்த எண்ணைவிட உங்கள் கையில் இருக்கும் துணியை நம்புங்கள்.

நூல் எவ்வளவு என்பதையும் அந்தத் துண்டே சொல்லும். சமையலறைத் தராசில் அதை எடை போடுங்கள். 17-க்கு 17 செ.மீ. துண்டின் பரப்பு 289 சதுர செ.மீ.; எடை 14 கிராம் என்று வையுங்கள். ஸ்வெட்டரின் பரப்பு, 60 செ.மீ. நீள உடல் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 6,660. கைகள் இரண்டும் சுமார் 2,970. மொத்தம் 9,630 சதுர செ.மீ. அதை 289-ஆல் வகுத்து 14-ஆல் பெருக்கினால் 467 கிராம். ரிப் பட்டிகள் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் இழுபடும் ஓரங்கள்) நூலை அதிகம் விழுங்கும், தையலுக்கும் வேண்டும் என்பதால் 15 சதவீதம் சேர்த்தால் 540 கிராம் அளவுக்கு வரும். 100 கிராம் கண்டு (நூல் உருண்டை) என்றால் 6. மாதிரிக்காக முதலில் ஒரு கண்டு வாங்கிப் பாருங்கள், பிறகு மொத்தமாக வாங்கும்போது லேபிளில் இருக்கும் சாய எண் எல்லாக் கண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே நிறப் பெயர் இருந்தாலும் வேறு சாயத் தொகுதி என்றால் பின்னிய பிறகு கோடு போட்டதுபோல் தெரியும். வேறு வழியே இல்லை என்றால் இரண்டு கண்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கோடு கரைந்துவிடும்.

நூலின் வகையைப் பொறுத்தவரை கம்பளிதான் முதல் உடுப்புக்கு எளிது. அது இழுத்தால் நீண்டு மீண்டும் பழைய நிலைக்கு வரும். கண்ணிகளில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வுகள் முதல் துவைப்பிலேயே சமனாகிவிடும். அக்ரிலிக் துவைக்க எளிது, விலையும் குறைவு. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டியோ நேரடி ஆவியோ பட்டால் தளர்ந்து உயிரில்லாமல் போகும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பருத்தி நூல் கனம், மீளும் தன்மையும் குறைவு. தளர்வான உடுப்பில் நாளாக ஆக நீண்டு தொங்கும். மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய கம்பளியும் நனைந்தால் நன்றாக நீளக்கூடியது. மாதிரியைத் துவைக்காமல் அளந்தால் ஏமாறுவது பெரும்பாலும் இந்த நூலில்தான்.

வடிவத்துக்கு வருவோம். கழுத்திலிருந்து கீழாக ஒரே துண்டாகப் பின்னும், கை கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இணையும் ராக்லன் முறையைப் பலர் சொல்வார்கள். தையலே இல்லை, போட்டுப் பார்த்துக்கொண்டே பின்னலாம் என்பது உண்மையான வசதி. ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது, தோள் சரிந்து மேற்கை வரை இறங்கும் நான்கு துண்டு ஸ்வெட்டர்: முன், பின், இரண்டு கை. அக்குளில் வளைவு வெட்டத் தேவையில்லை; உடல் இரண்டும் கிட்டத்தட்டச் செவ்வகம்; மஃப்ளர் பின்னிய கைக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது கழுத்து வளைவும் கையில் கண்ணி கூட்டுவதும் மட்டுமே. தளர்ந்த உடுப்பின் முழு எடையும் தோளிலும் பக்கத்திலும் உள்ள தையல்களில் நிற்கும் என்பதால் வடிவமும் அவ்வளவு எளிதில் குலையாது. குறையும் உண்டு: அக்குளில் கொஞ்சம் துணி சுருண்டு நிற்கும். அதனால் இறுக்கமான ஜாக்கெட்டுக்கு உள்ளே போட இது ஏற்றதல்ல. தளர்வை 10 செ.மீ.-க்குக் கீழே குறைத்தாலும் மேற்கையில் இழுக்கும்.

தொடக்கம் கையிலிருந்து. 42 கண்ணிதான்; அளவு பிசகினால் பிரிப்பதும் சுலபம். கண்ணியை 5 மி.மீ. ஊசியில் போட்டு, 4 மி.மீ. ஊசிக்கு மாறி, இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப்பை 6 செ.மீ. பின்னுங்கள். சிறிய ஊசியிலேயே கண்ணி போட்டால் ஓரம் கயிறுபோல் இறுகி மணிக்கட்டில் பிடிக்கும். ரிப் வரிசை இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு நிட்டில் முடிய வேண்டும். அப்போதுதான் ஓரத்துக் கண்ணி ஒவ்வொன்று தையலுக்குள் போன பிறகும் ரிப் அறுபடாமல் சுற்றிவரும். 42, 102, 114 என்று நான் சொன்ன எண்கள் எல்லாமே நான்கால் வகுத்தால் இரண்டு மீதி வருபவை என்பதற்குக் காரணம் இதுதான். பிறகு 5 மி.மீ. ஊசியில், நான்கு வரிசைக்கு ஒரு முறை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள். 20 முறை கூட்டினால் 82 கண்ணி, 80 வரிசை. அதன்பின் 14 வரிசை கூட்டாமல் நேராகப் பின்னி, கண்ணியைத் தளர்வாக அடையுங்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துப்போட்டு அவிழாதபடி முடியுங்கள்). கூட்டும்போது ஓரக் கண்ணியைத் தொடாமல், அதற்கு அடுத்து இரண்டு கண்ணிக்கு நடுவே கிடக்கும் நூலைத் தூக்கி, முறுக்கிப் பின்ன வேண்டும். முறுக்காவிட்டால் ஓட்டை விழும். ஓரத்திலேயே கூட்டினால் தைக்கும்போது வழி தெரியாது. கூட்டிய வரிசை ஒவ்வொன்றையும் காகிதத்தில் கோடு போட்டு வையுங்கள். இரண்டாவது கை முதல் கையைப் போலவே வர அந்தக் காகிதம்தான் துணை.

கையின் நீளத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வழக்கமான ஸ்வெட்டரின் கை நீளத்தை இதற்கு அப்படியே எடுத்தால் விரல் வரை இறங்கும். ஏனென்றால் இந்த வடிவத்தில் உடல் துண்டே மேற்கையின் ஒரு பகுதியை மூடிவிடுகிறது. கையைச் சற்று விரித்து, பிடரி நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். 73 செ.மீ. வந்தால், உடல் அகலத்தில் பாதி 28-ஐக் கழித்து மீதி 45 செ.மீ.தான் கை. மேலே சொன்ன 94 வரிசையும் 6 செ.மீ. ரிப்பும் அதற்குச் சரியாக வரும். உங்கள் அளவு வேறானால் கடைசி 14 வரிசையைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம்.

பின்புறத்துக்கு 102 கண்ணி, 6 செ.மீ. ரிப், பிறகு 5 மி.மீ. ஊசியில் 126 வரிசை நேராக. 77-ஆவது வரிசையில் இரண்டு ஓரத்திலும் வேறு நிற நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். கை அங்கிருந்துதான் தொடங்கும். 126 வரிசை முடிந்ததும் 35 கண்ணி பின்னி, நடு 32-ஐ அடைத்து, மீதி 35-ஐப் பின்னுங்கள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கொண்டுபோய், கழுத்து ஓரத்தில் ஒரு முறை 2 கண்ணி அடைத்து, மொத்தம் 130-ஆவது வரிசையில் நிறுத்துங்கள். தோளுக்கு 33 கண்ணி நிற்கும். அவற்றை அடைக்காமல் மிச்ச நூலில் கோத்து வையுங்கள். முன்புறமும் இதே மாதிரிதான், கழுத்து மட்டும் முன்னதாகத் தொடங்கும்: 112 வரிசைக்குப் பிறகு 43 பின்னி, நடு 16-ஐ அடைத்து, 43 பின்னுங்கள். ஒவ்வொரு பக்கமும் கழுத்து ஓரத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக 3, 2, பிறகு ஒவ்வொன்றாக ஐந்து முறை குறைத்தால் 33 நிற்கும். மீதி வரிசைகளை நேராகப் பின்னி 130-ல் முடியுங்கள். கண்ணி அடைப்பது வரிசையின் தொடக்கத்தில்தான் முடியும் என்பதால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு வரிசை முன்பின்னாக வரும். அது பிழையல்ல. முன்னும் பின்னும் வரிசை எண்ணிக்கை ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். டேப்பில் அளந்து நிறுத்தாமல் வரிசையை எண்ணி நிறுத்துங்கள்.

உடல் 10 செ.மீ. வளர்ந்ததும் நிறுத்தி, தட்டையாக விரித்து அகலத்தை அளங்கள். 55-57 இருந்தால் மேலே போகலாம். 53 இருந்தால் அங்கேயே பிரித்துவிடுங்கள். துவைத்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டால் பெரும்பாலும் சரியாகாது. ஓரங்கள் சுருள்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இந்தப் பின்னலின் இயல்பு அது, தைத்ததும் அடங்கிவிடும். துணியில் படிப்படியாகக் கோடு தெரிந்தால் உங்கள் பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக இருக்கிறது என்று பொருள். பர்ல் வரிசைக்கு மட்டும் ஒரு அளவு சிறிய ஊசியைப் பயன்படுத்திப் பாருங்கள். துணி ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, கண்ணியின் அடி விரியாமல் குறுக்காக மடிந்து நின்றாலோ, கண்ணிகள் முறுக்கிக்கொள்கின்றன: பர்லில் நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறீர்கள், அல்லது கண்ணியின் பின்காலில் (ஊசிக்குப் பின்னால் இருக்கும் பாதி வளையத்தில்) ஊசியை விடுகிறீர்கள். புதுக் கண்டை எப்போதும் ஓரத்தில் சேருங்கள். நடுவில் போட்ட முடிச்சு என்றாவது ஒரு நாள் வெளியே தலைநீட்டும்.

நான்கு துண்டும் முடிந்ததும் தைக்க அவசரப்பட வேண்டாம். எல்லாவற்றையும் நனைத்து, அளவுக்கு விரித்து, காயவிட்ட பிறகே இணைக்க வேண்டும். முதலில் தோள்: வெளியே தெரிய வேண்டிய நல்ல பக்கம் இரண்டும் உள்ளே இருக்கும்படி வைத்து, மூன்றாவது ஊசியால் முன்னிலிருந்து ஒன்று பின்னிலிருந்து ஒன்று சேர்த்துப் பின்னிக்கொண்டே அடைத்து வாருங்கள். உறுதியான தோள் கிடைக்கும். அடுத்து கையின் மேல்விளிம்பு நடுவைத் தோள் தையலில் பொருத்தி, இரண்டு முனைகளையும் நூல் கட்டிய அடையாளத்தில் குத்தி நிறுத்துங்கள். கண்ணி அகலம், வரிசை உயரம் குறைவு. 18-க்கு 24 என்பது மூன்றுக்கு நான்கு. ஆகவே கையின் மூன்று கண்ணிக்கு உடலின் நான்கு வரிசை என்ற கணக்கில் தைக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று தைத்தால் அக்குள் அருகே சுருக்கம் விழும். கடைசியாகக் கீழ் ஓரத்திலிருந்து அக்குள் வரை, அங்கிருந்து மணிக்கட்டு வரை ஒரே ஓட்டமாக, நல்ல பக்கத்தைப் பார்த்தபடியே தையுங்கள்: ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே ஏணிப்படிபோல் கிடக்கும் நூல்களில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று எடுத்து, சில செ.மீ.-க்கு ஒரு முறை இழுத்துவிட்டால் தையல் கண்ணுக்கே தெரியாது.

இதுவரை சொன்னதில் கணக்கெல்லாம் உறுதியானது. உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: போட்டு நடமாடும்போது உடுப்பு எவ்வளவு நீளும் என்பது. 14 கிராம் துண்டின் மேல் அரைக் கிலோ எடை இல்லை. துண்டின் கீழ் ஓரத்தில் சில துணிக்கிளிப்புகளை மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டு அளந்தால் ஓரளவு தெரியும், ஆனால் அது ஊகம்தான். தொங்கவிட்டதில் கண்கூடாக நீண்டால், உடலில் 2-3 செ.மீ. குறைத்துப் பின்னுவது நல்லது. அதேபோல், உங்கள் தோள் சாய்வும் முதுகும் எனக்குத் தெரியாது. நேராக அடைத்த தோள் சிலருக்கு ஓரத்தில் தூக்கி நிற்கும். அப்படியானால் அடுத்த முறை தோள் கண்ணிகளை மூன்று படியாக முடித்து 2 செ.மீ. சாய்வு கொடுக்கலாம்.

கழுத்துப் பட்டி கடைசி. 40 செ.மீ. நீளமுள்ள 4 மி.மீ. வட்ட ஊசியில், பின்கழுத்தில் 38, முன்கழுத்தின் அடியில் 16, சரிவுகளில் 17 வீதம், மொத்தம் 88 கண்ணி எடுங்கள். ஓட்டை தெரியும் இடத்தில் ஓட்டைக்குள்ளேயே ஊசியை விடாமல் அதன் பக்கத்துக் கண்ணியிலிருந்து எடுத்தால் அது மறைந்துவிடும். இரண்டுக்கு இரண்டு ரிப் 8 சுற்று போதும். அடைக்கும்போது வழக்கமான முறையில் இறுக்கினால் தலை நுழையாது. இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னி, கிடைத்த ஒரு கண்ணியை இடது ஊசிக்கே திருப்பிப் போட்டு, மீண்டும் இரண்டைச் சேர்த்துப் பின்னுங்கள். இந்த அடைப்பு இழுத்தால் விரியும். நூலை வெட்டும் முன் ஒரு முறை தலைவழியாகப் போட்டுப் பாருங்கள். காதில் உரசினால் அடைப்பை மட்டும் பிரித்து, 5 மி.மீ. ஊசியால் மீண்டும் அடையுங்கள். கழுத்து அகன்று தோளிலிருந்து நழுவினால் பட்டியைப் பிரித்து 80 கண்ணி எடுத்துப் பின்னுங்கள்; உடலைத் தொட வேண்டியதில்லை.